மேல் ஊரோடு பேசி வையுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். தென்பெண்ணைக் கரையில், கடலூருக்கும் பாகூருக்கும் நடுவே இருக்கும் ஊர் உங்களுடையது. ஃபெஞ்சல் புயலின்போது வந்த வெள்ளத்தில் பாதி ஊர் மூழ்கியது. அதன் பிறகு இருபது இளைஞர்கள் சேர்ந்து குழு தொடங்கியிருக்கிறீர்கள். ஆயிரம் மரக்கன்று நடப் போகிறீர்கள். "காலநிலை மாற்றத்தைத் தாங்கும் ஊராக மாற வேறு என்ன செய்ய வேண்டும்? யாரோடு சேர வேண்டும்?" என்று கேட்கிறீர்கள்.

முதலில் சேர வேண்டியது, ஆற்றில் உங்களுக்கு மேல்பக்கம் இருக்கும் ஊர்களோடு. அடுத்து, கிழக்கே ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இருக்கும் மீனவ ஊர்களோடு. மூன்றாவது, உங்கள் ஊரிலேயே இன்னும் குழுவுக்குள் வராதவர்களோடு. மரக்கன்றுகள் கொஞ்சம் காத்திருக்கட்டும். கடலூர்ப் பக்கமும் பாகூர்ப் பக்கமும் இருபது ஆண்டுகளாக ஊர்க்குழுக்களுக்குப் பேரிடர்ப் பயிற்சி கொடுத்து வருகிறேன். கீழே எழுதுவதில் பாதிக்கு மேல் அந்த ஊர்க்காரர்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

நாம் இருக்கும் இடத்தை முதலில் பாருங்கள். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் கடலூர் மாவட்டத்தின் வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன. மேற்கே எங்கே பெய்தாலும் அந்தத் தண்ணீருக்குக் கடைசி வாசல் நாம். நமக்கு மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர். அதில் பாதிக்கும் மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்க்கிறது. இது நம் பாட்டன் காலத்திலும் அப்படித்தான் இருந்தது. மாறியிருப்பது மழை பெய்யும் விதம். காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால், அது தாங்கக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. கடலும் சூடாகியிருக்கிறது. பத்து நாள் பரவிப் பெய்ய வேண்டியது ஒரே இராத்திரியில் இறங்குவது இதனால்தான் அடிக்கடி நடக்கிறது.

ஃபெஞ்சலை நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் பல மணி நேரம் நகராமல் அதே இடத்தில் நின்றது. டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48.4 செ.மீ. மழை. ஓர் ஏக்கர் நிலத்தின் மேல் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் உங்கள் வீட்டுக்குள் வந்தது அந்தத் தண்ணீர் இல்லை. வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் அடுத்த நாள் வந்தது. ஃபெஞ்சலின் எச்சம் உள்நாட்டுக்குப் போய், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. தென்பெண்ணையின் குறுக்கே இருக்கும் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறக்கப்பட்டது. விநாடிக்கு 42 லட்சம் லிட்டருக்கும் அதிகம். இங்கே மழை விட்டு, வெயில்கூட எட்டிப்பார்த்த பிறகு ஆறு பெருகியது. "மழைதான் நின்றுவிட்டதே" என்று பாய், தலையணையைக் காயப் போட்டவர்கள் வீட்டுக்குள்தான் வெள்ளம் புகுந்தது.

ஆக, உங்கள் ஊருக்குத் தண்ணீர் மூன்று வழியில் வருகிறது. தலைக்கு மேலிருந்து ஒன்று. ஆற்றின் வழியாக இன்னொன்று. முகத்துவாரம் மணல் மூடியிருந்தாலோ கடல் பொங்கியிருந்தாலோ வடியாமல் எதிர்த்து நிற்பது மூன்றாவது. முதலாவதற்கு வானிலை ஆய்வு மையம் எச்சரிக்கை தருகிறது. இரண்டாவதையும் மூன்றாவதையும் முன்கூட்டி அறிய உங்களுக்கு மனிதர்கள் வேண்டும்.

அணை திறந்தால் அரசு அறிவிக்கிறது என்பது உண்மை. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வட்டாட்சியர், அவரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலர் என்று சேதி இறங்குகிறது. கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் வருகிறது. ஆனால் 'விநாடிக்கு இத்தனை கன அடி' என்பது உங்கள் தெருவில் எத்தனை படி உயரத்துக்குத் தண்ணீர் என்று அதில் இராது. அதை மொழிபெயர்க்க ஊருக்குள் ஆள் வேண்டும். ஓர் ஊரில் ஒரு பெரியவர் செய்துவைத்திருந்ததைச் சொல்கிறேன். மாரியம்மன் கோயில் மதிலில் சுண்ணாம்புக் கோடுகள். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தண்ணீர் நின்ற உயரத்தில் ஒரு கோடு, பக்கத்தில் ஆண்டு. முழங்கால் உயரத்தில் ஒன்று. இடுப்புக்கு மேலே 2021. அதற்கும் மேலே, என் நெஞ்சு உயரத்தில், 2024. மழையில் கோடு மங்கினால் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது திரும்பவும் போட்டுவிடுவாராம். நான் அவரிடம் ஒன்றுதான் சேர்த்துச் சொன்னேன்: ஒவ்வொரு கோட்டுக்கும் எதிரே அன்று அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்பதையும் எழுதுங்கள் என்று. அடுத்த முறை எண் வரும்போது அந்த ஊரில் யாரும் அகராதி தேட வேண்டியதில்லை. மதிலைப் பார்த்தால் போதும். உங்கள் குழு செய்யும் முதல் வேலை இதுவாகவே இருக்கலாம். செலவு ஒரு டப்பா பெயின்ட்.

இனி, சேதி எப்படிப் போகிறது என்பது. இதற்கு நம் பக்கத்திலேயே உலகம் பாடம் படித்த ஓர் ஊர் இருக்கிறது: புதுவையின் நல்லவாடு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுவை ஊர்களில் தகவல் மையங்களை அமைத்து வந்தது. ஒரு கணினி, ஒரு தொலைபேசி, கூரையில் ஒலிபெருக்கி. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கடலுக்குப் போகிறவர் கேட்டுவிட்டுப் போவார். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் இந்தோனேசியச் செய்தியைக் கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். கடல் தண்ணீர் உள்ளே வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். எல்லோரையும் கிளப்புங்கள் என்றார். ஊர்க்காரர்கள் மையத்துக்குள் புகுந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. ஊரில் இருந்த சுமார் 3,600 பேரும் பிழைத்தார்கள். அதே காலையில் கடலூர் மாவட்டக் கரையில் 600க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது.

இதைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் சிங்கப்பூர்ப் போனைப் பிடித்துக்கொள்கிறார்கள். என் கண் எப்போதும் அந்த ஒலிபெருக்கியின் மேல்தான். தினமும் அலை உயரமும் சந்தை விலையும் சொல்லிச் சொல்லி, அதில் வரும் குரலுக்குக் காது கொடுக்க ஊர் பழகியிருந்தது. அதனால்தான் 'ஓடுங்கள்' என்றதும் ஓடினார்கள். பேரிடருக்கென்று வாங்கிப் பூட்டிவைத்த சைரன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தேவைப்பட்ட நாளில் பேட்டரி செத்திருக்கும், அல்லது அது என்ன சத்தம் என்றே யாருக்கும் தெரியாது. நீங்கள் எதை ஏற்பாடு செய்தாலும் அது வாரத்துக்கு ஒருமுறையாவது வேறு வேலைக்குப் பயன்படட்டும். ரேஷன் கடையில் சர்க்கரை வந்தது, கால்நடை மருத்துவர் வருகிறார், ஏரியில் தண்ணீர் விடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும் மைக்தான் ஆபத்திலும் பேசும். கோயில் மைக், பள்ளிவாசல் மைக், தேவாலய மைக் மூன்றுக்கும் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரை கடந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன; கைப்பேசி கோபுரங்களும் ஊமையாயின. அன்று சேதி சைக்கிளில்தான் போனது. ஆகவே, எந்தத் தெருவுக்கு யார் ஓடுவது என்று பெயரெழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மேல் ஊரோடு பேசுவது என்றால் என்ன என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். பாகூர்ப் பக்கம் ஓர் ஊர். ஏரி நிரம்பிக்கொண்டிருந்தது. கீழே இருக்கும் வாய்க்காலில் ஒரு ஷட்டரைத் திறந்தால் தண்ணீர் பிரிந்து ஓடைக்குப் போய்விடும், ஊர் தப்பும். ஷட்டரைத் திறக்க இரும்புக் கைப்பிடி வேண்டும். அதை வைத்திருந்தவர் மகள் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தார். இரவு பதினோரு மணிக்கு இருபது பேர் மழையில் நின்று கடப்பாரையால் நெம்பிப் பார்த்தார்கள். நானும் நின்றேன். ஷட்டர் அசையவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு, அடுத்த ஊர் ஷட்டருக்கும் இதே கைப்பிடி பொருந்தும் என்று ஒரு மாடு மேய்ப்பவர் சொன்னார். அந்த ஊர் ஒன்றரைக் கிலோமீட்டர்தான். ஆனால் கோயில் திருவிழாத் தகராறு ஒன்றில் இரண்டு ஊரும் ஆறு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தன. யார் போய்க் கேட்பது என்பதிலேயே இன்னொரு மணி நேரம் போனது. கடைசியில் இரண்டு பெண்கள் போனார்கள். மகளிர் குழுக் கூட்டத்தில் அந்த ஊர்ப் பெண்களோடு அறிமுகம் இருந்தது. கைப்பிடி வந்தது. அதற்குள் நாற்பது வீடுகளில் தண்ணீர். இரும்புக் கைப்பிடி ஒன்றின் விலை சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். அந்த நாற்பது குடும்பங்களும் இழந்ததை நான் தெருத்தெருவாகப் போய் எழுதியவன். இன்னும் மனம் ஆறவில்லை.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மாநில எல்லை. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போனால் தமிழ்நாடு, புதுவை, மறுபடி தமிழ்நாடு என்று மாறி மாறி வரும். பாகூர் ஏரிக்குத் தண்ணீர் தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. அணைக்கட்டு இருப்பது தமிழ்நாட்டில், ஏரி இருப்பது புதுவையில். இரண்டு பொதுப்பணித் துறைகள், இரண்டு வருவாய்த் துறைகள், இரண்டு கட்டுப்பாட்டு அறைகள். அதிகாரிகள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்று நான் சொல்லவில்லை, பேசுகிறார்கள். ஆனால் நள்ளிரவில் ஒரு வரப்பு தூரத்தில் நடப்பது, தலைநகர் போய்த் திரும்பி வர நேரமாகிறது. எல்லைக்கு இருபக்கமும் உள்ள ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது அந்தப் பாசனத் தண்ணீரில் பயிர் செய்பவர்கள், கொள்வினை கொடுப்பினை உள்ளவர்கள். மாமன் அங்கே, மச்சான் இங்கே. அந்த உறவை வெள்ளச் சேதிக்கும் பயன்படுத்துங்கள். ஆற்றின் மேலே ஐந்து ஊர், கீழே மூன்று ஊர், ஊருக்கு இரண்டு பேர். அந்தப் பதினாறு பேரும் ஒருவர் எண் ஒருவரிடம் வைத்திருந்தால் உங்களுக்குச் சில மணி நேரம் முன்னதாகத் தெரியும். ஆடு மாட்டை மேட்டுக்கு ஓட்ட, நெல் மூட்டையைப் பரண் ஏற்ற, நடக்க முடியாத பாட்டியைத் தூக்கிப் போக அந்த நேரம் போதும்.

இதற்குப் பழைய வேர் இருக்கிறது. குடிமராமத்து என்று ஊர் சேர்ந்து ஏரி வாய்க்காலைப் பழுது பார்த்த முறை நம்முடையது. மடை திறப்பதற்கு ஆள், தண்ணீர் பங்கிடுவதற்கு முறை, வராதவருக்குத் தண்டம் எல்லாம் இருந்தன. புதுவையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு ஏரிகளைச் சீரமைத்தபோது, ஏரிக்கு ஏரி பயன்படுத்துவோர் சங்கம் அமைத்தார்கள். அதில் நிலமில்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் இடம் கொடுத்தது எனக்குப் பெரிய காரியமாகப் பட்டது. சில சங்கங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன, பல பெயரளவில்தான். உங்கள் பகுதியில் அப்படி ஒன்று இருந்தால் புதிதாகக் குழு தொடங்க வேண்டாம், அதற்குள் நுழையுங்கள்.

முகத்துவாரத்துக்கு வருவோம். தென்பெண்ணை கடலில் சேரும் இடம் தாழங்குடா. கோடையில் அலை மணலைத் தள்ளி வாயை அடைக்கும். மழைக்கு முன் அதை வெட்டிவிடாவிட்டால் வெள்ளம் வடியாது. எந்த இடத்தில் வெட்டினால் நிற்கும், எங்கே வெட்டினால் இரண்டே நாளில் மூடிக்கொள்ளும் என்பது மீனவர்களுக்குத் தெரியும், விவசாயிக்குத் தெரியாது. ஆனால் வெட்டாததால் நெல் அழுகுவது விவசாயிக்குத்தான். இவர்கள் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசுவது அரிதாக இருக்கிறது. மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு இன்னும் கட்டுப்பாடு உண்டு. பஞ்சாயத்தார் 'இன்று யாரும் கடலுக்குப் போகக் கூடாது' என்றால் போக மாட்டார்கள். இப்படிப் பேச்சு செல்லுபடியாகும் அமைப்பு விவசாய ஊர்களில் இப்போது குறைவு. புரட்டாசி பிறக்கும் முன் உங்கள் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர், குழுவிலிருந்து இரண்டு பேர், அந்தப் பஞ்சாயத்தாரைப் போய்ப் பாருங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். அவர்களுக்கு உங்களால் ஆவது என்ன என்று யோசித்துக்கொண்டு போங்கள்: புயல் காலத்தில் வலையும் என்ஜினும் வைக்க மேட்டில் இடம், பிள்ளைகளுக்குத் தங்க உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம். பதிலுக்குப் படகு கேளுங்கள். 2015 வெள்ளத்தில் சென்னைத் தெருக்களில் மக்களை ஏற்றியவை மீனவர்களின் படகுகள். ஆனால் கூப்பிட்டவுடன் படகு வந்துவிடாது. ஏற்றிவர மினிலாரி யாருடையது, டீசலுக்கு யார் காசு தருவது, படகில் ஓட்டை விழுந்தால் யார் பொறுப்பு என்பதை முன்பே பேசி, இரண்டு ஊர் நோட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒருவருக்குப் பாதுகாப்பு இன்னொருவருக்கு ஆபத்தாகும் என்பதற்கு வேறு எங்கும் போக வேண்டாம், புதுவைக் கடற்கரையைப் பாருங்கள். 1989இல் அரியாங்குப்பத்து ஆற்றின் வாயில் துறைமுகத்துக்காக அலையைத் தடுக்கும் கல்லணைகள் கட்டினார்கள். நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். கல்லணை அந்த மணலைத் தெற்கிலேயே நிறுத்தியது. வடக்கே கடற்கரைச் சாலையின் மணல் முழுவதும் போயிற்று. சாலையைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று நகர்ந்தது. அங்கேயும் கல் போட, எல்லை தாண்டி தமிழ்நாட்டுத் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போய்விட்டது. வலை காயப்போட இடமில்லாத மீனவ ஊர்கள் உருவாயின. பிறகு தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் திட்டு அமைத்ததும் கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. பார்த்துப் பல பேர் கண்கலங்கினார்கள், நானும்தான். ஆற்றங்கரைக்கும் இதே கணக்குத்தான். உங்கள் பக்கத்துக் கரையை மட்டும் உயர்த்தக் கேட்டு மனு எழுதப் போகிறீர்கள் என்று கடிதத்தில் பார்த்தேன். எதிர்க்கரை ஊரையும் வைத்துக்கொண்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் உங்கள் தண்ணீர் அவர்கள் வீட்டுக்குள் போகும். அடுத்த ஆண்டு அவர்கள் உயர்த்துவார்கள்.

மரம் நடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியது பிச்சாவரத்தில் இருக்கிறது. அங்கே 1970கள் வரை காட்டை மொத்தமாக வெட்டிவிட்டுத் திரும்ப வளர்க்கும் முறை இருந்தது. வெட்டிய இடத்தில் வெயில் பட்டு மண் உள்வாங்கி, தட்டுபோல் பள்ளம் விழுந்தது. உயர் ஓதத்தில், அதாவது கடல் மட்டம் தினமும் ஏறும் நேரத்தில், உள்ளே ஏறிய கடல்நீர் வெளியே போக வழியில்லாமல் அந்தத் தட்டில் தேங்கிக் காய்ந்தது. உப்பு ஏறி ஏறி, ஒரு கன்றும் பிழைக்கவில்லை. கன்று சாகிறதே என்று இன்னும் கன்று நட்டுக்கொண்டிருந்தால் இன்றும் அது பொட்டலாகத்தான் இருந்திருக்கும். சுவாமிநாதன் நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு உட்கார்ந்து பார்த்தபோது, கோளாறு தண்ணீர் ஓட்டத்தில் என்று தெரிந்தது. நடுவே பெரிய வாய்க்கால், அதிலிருந்து சாய்வாக இருபக்கமும் சின்ன வாய்க்கால்கள், மீன் முள்போல. ஓதம் ஏறும்போது புதுத்தண்ணீர் உள்ளே வந்தது, இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போனது. பிறகு நட்ட வெண்கண்டல் பிடித்துக்கொண்டது. வாய்க்கால் தூர்ந்துவிடாமல் ஆண்டுதோறும் வாரிவிடும் வேலை ஊர்க்குழுக்களுடையது. கிள்ளைப் பக்கம் கையால் துழாவி இறால் பிடித்துப் பிழைத்துவந்த இருளர் குடும்பங்களும் அந்தப் பணியில் சேர்க்கப்பட்டார்கள். 2022இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது.

சுனாமியில் பிச்சாவரத்துக் காடு ஊர்களைக் காப்பாற்றியது என்பதைக் கேட்டிருப்பீர்கள். கடலூர்க் கரையை ஆராய்ந்து, மரத்துக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005இல் கட்டுரையும் வந்தது. அதில் உண்மை உண்டு. ஆனால் ஊர் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு மேட்டில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஐந்து வரிசைச் சவுக்கு நட்டுவிட்டோம், இனிப் பயமில்லை என்று யாரும் தூங்கிவிடக் கூடாது. கடற்கரையில் இயற்கையாக எழும்பிய மணல்மேடு, அதன் மேல் படரும் அடம்பு, இராவணன் மீசை, இவற்றைத் தொடாமல் விடுவது ஆயிரம் கன்று நடுவதற்குச் சமம். 'சுத்தம் செய்கிறோம்' என்று அடம்பைப் பிடுங்கிய நல்ல பிள்ளைகளை நானே தடுத்திருக்கிறேன். உங்கள் ஊர் ஆற்றங்கரை என்பதால், கரையில் மூங்கிலும் பனையும் வையுங்கள். தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு விழுந்தன. ஒரே மரத்தை நம்பிய குடும்பங்கள் பல ஆண்டு எழ முடியவில்லை.

பயிருக்கும் அதுவே பொருந்தும், சுருக்கமாகச் சொல்கிறேன். தாழ்ந்த வயலில் சி.ஆர்.1009 சப்-1 போன்ற, இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும் இரகம் வைக்கலாம். ஊருக்குப் பொதுவாக மேட்டில் ஒரு நாற்றங்கால் தாமதமாக விட்டுவைத்தால், முதல் நடவு அழுகினாலும் மறுநடவுக்கு நாற்று இருக்கும். இதை ஐந்து பேர் சேர்ந்தால்தான் செய்ய முடியும். பயிர்க் காப்பீட்டுக்கான கெடு சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் நடுவில் முடிகிறது. தீபாவளிக்கு முன்பே கட்டிவிடச் சொல்லுங்கள்.

இனி மூன்றாவது. உங்கள் குழுவின் இருபது பெயரையும் பார்த்தேன். எல்லாம் ஆண்கள், எல்லாம் இரண்டு தெரு. கோபித்துக்கொள்ளாதீர்கள், தம்பி. வெள்ளம் முதலில் ஏறுவது பள்ளத்தில் இருக்கும் காலனியில். அங்கிருந்து ஒருவர்கூட இல்லை. பாதுகாப்பு மையத்தில் யார் எந்தப் பக்கம் படுப்பது, யார் சமைப்பது, யார் சாப்பிடுவது என்பதில் சாதி வந்து நிற்பதை நான் ஒவ்வொரு புயலிலும் பார்த்திருக்கிறேன். மழை கொட்டும் இரவில் அதைத் தீர்க்க முடியாது. சித்திரையில், வெயிலில் உட்கார்ந்து தீர்க்க வேண்டும். காலனியின் மேடான இடத்தில் இருக்கும் நூலகக் கட்டடத்திலேயே குழுக் கூட்டத்தை நடத்திப் பாருங்கள். ஆற்றோரம் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பங்களுக்குப் பல ஊர்களில் ரேஷன் அட்டையே கிடையாது. அட்டை இல்லாவிட்டால் நிவாரணமும் இல்லை. இப்போதே அவர்களை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய் வாங்கிக் கொடுங்கள். குத்தகைக்கு உழுபவரின் கதையும் இதுதான். 33 சதவீதத்துக்கு மேல் பயிர் சேதமானால் நிவாரணம் உண்டு. ஆனால் அடங்கல் என்ற சாகுபடிப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. உழுதவர் பெயர் ஏறுகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிக் காலத்திலேயே பார்க்க வேண்டும்.

பெண்களை 'சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று நான் சொல்லப் போவதில்லை. அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதோடு நீங்கள் போய்ச் சேருங்கள். மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, யாருக்கு டயாலிசிஸ், எந்தத் தாத்தா தனியாக இருக்கிறார், எந்தப் பிள்ளைக்குக் காது கேட்காது என்பதை அவர்கள் பத்து நிமிடத்தில் எழுதிவிடுவார்கள். அந்த ஒற்றைத் தாள்தான் உங்கள் மீட்புத் திட்டம்.

அரசோடு சேர்வதற்கு வழி கிராமசபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் உண்டு. வாய்க்கால் தூர்வார, ஷட்டர் பழுது பார்க்க, முகத்துவாரம் வெட்டத் தீர்மானம் போட அதுவே சரியான நாள். மழைக்கு முன் வேலை முடிய நேரம் இருக்கும். அக்டோபர் 2இல் போட்ட தீர்மானத்தால் அந்த ஆண்டு ஒன்றும் ஆகாது. புதுவைப் பக்க ஊர்களில் 2011இல் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்த பிறகு நெடுங்காலமாகத் தேர்தல் இல்லை. அங்கே கொம்யூன் பஞ்சாயத்து ஆணையரையும் சட்டமன்ற உறுப்பினரையும்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் ஊரில் பேரிடரின்போது முதலில் உதவிக்கு வர வேண்டிய முதல்நிலைப் பொறுப்பாளர்கள் என்று வருவாய்த் துறை வைத்திருக்கும் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் இறந்தவர் பெயரும் வெளியூர் போனவர் பெயரும் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. ஒவ்வொரு வீட்டுக் கதவின் உட்புறமும் எழுதி ஒட்டுங்கள். தொண்டு நிறுவனங்கள் பணத்தோடு வந்தால் வரவேற்கலாம். ஆனால் உங்கள் ஊர்ப் பட்டியல், மதில் கோடு, ஷட்டர் கைப்பிடி இவை தயாரான பிறகு வரட்டும். அப்போதுதான் எது தேவை என்று நீங்கள் சொல்வீர்கள், அவர்கள் கேட்பார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டிகளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரை வழியாகவே மேற்கே போங்கள், சொர்ணாவூர் அணைக்கட்டு வரை. காலனியிலிருந்து ஒருவரையும், மகளிர் குழுவிலிருந்து ஒருவரையும் அழைத்துப் போங்கள். வழியில் ஒவ்வோர் ஊர் டீக்கடையிலும் இறங்கி, வெள்ளத்தன்று தண்ணீர் எத்தனை மணிக்கு இங்கே வந்தது என்று கேட்டு எழுதுங்கள். அணைக்கட்டில் லஸ்கர் இருப்பார். தண்ணீர் அளவைப் பார்க்கும் அந்த மனிதரிடம் யாரும் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள். அவருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அவர் எண்ணை வாங்கிக்கொண்டு, உங்கள் எண்ணை அவர் கைப்பேசியில் ஊர்ப் பெயரோடு பதிந்துவிட்டு வாருங்கள்.